பெரியம்மாவின் ஏழாவது கொப்பி

திருகோணமலையிலிருந்து குச்சவெளிக்குச் செல்லும் கடற்கரை வீதியில், உப்புவெளியையும் சாம்பல்தீவையும் கடந்தால் நிலாவெளி வரும். இன்று இப்பெயரைச் சொன்னால் பலருக்கும் நினைவுக்கு வருவது வெண்மணற் கரையும் சுற்றுலா விடுதிகளும் எதிரே தெரியும் புறாமலைத் தீவுமே. வரலாறு படித்தவர்களுக்கு வேறொன்றும் நினைவுக்கு வரலாம். திருகோணமலைச் சிவன் கோயிலுக்கு 250 வேலி நிலம் நிவந்தமாக விடப்பட்டதைக் கூறும் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இந்த ஊரில் கிடைத்திருக்கிறது. மன்னர்களும் கோயில்களும் தமது கணக்கைக் கல்லிலே வெட்டி வைத்தார்கள். கல்வெட்டு வைக்க வசதியற்றவர்கள் தமது கணக்கை எங்கே வைத்தார்கள் என்ற கேள்வி எனக்கு நீண்டகாலமாக உண்டு. என் அம்மாவின் மூத்த தமக்கை அதைக் கொப்பியிலே வைத்தார். அந்தக் கொப்பிகளைப் பற்றியதே இக்கட்டுரை.

பெரியம்மா தையல் ஆசிரியை. எங்கள் பகுதிப் பாடசாலைகளில் மனையியலும் கைவேலையும் கற்பித்தவர். அவரிடம் ஏழு கொப்பிகள் இருந்தன. தடித்த மட்டை போட்டு, நூல் கோத்து அவரே கட்டியவை. முதல் ஆறிலும் பத்திரிகைச் செய்தி நறுக்குகள் ஒட்டப்பட்டிருந்தன. ஏழாவது கைவேலைக் கொப்பி. அதில் தையல் மாதிரிகள், கோலங்கள், பின்னல் வரைபடங்கள், சமையற் குறிப்புகள், பனையோலை இழைப்பின் சிறு துண்டுகள், சோகியும் சிப்பியும் கொண்டு செய்யும் அலங்காரங்களுக்கான படங்கள் என்று எல்லாம் கலந்து கிடந்தன.

எனக்கு எட்டு, ஒன்பது வயதிருக்கும்போது, அதாவது 1970களின் இறுதியில், ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்கள் அந்தக் கொப்பிகளோடு கழிந்தன. பசை காய்ச்சுவது என் வேலை. கோதுமை மாவைக் குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்து, மெல்லிய நெருப்பில் கிளறிக்கொண்டே இருக்கவேண்டும். கூழ் கண்ணாடிபோலத் தெளிந்துவரும்போது மயில்துத்தம் ஒரு சிட்டிகை சேர்க்கவேண்டும். பூச்சி அரிக்காமலிருக்க அது. பெரியம்மா கத்தரிக்கோலை எடுத்தால் நானும் என் தங்கையும் மூச்சைக்கூட அடக்கிக்கொள்வோம். செய்தியின் ஓரத்தை அவர் வெட்டும் நேர்த்தி அப்படி.

தமிழர் வீடுகளில் நறுக்கும் கட்டும்

மேல்நாடுகளில் இது பெரிய பொழுதுபோக்கு. 1769இல் ஜேம்ஸ் கிறேஞ்சர் என்ற ஆங்கிலப் பாதிரியார் இங்கிலாந்தின் வாழ்க்கை வரலாறுகளைத் தொகுத்து ஒரு நூலை வெளியிட்டார். அதை வாங்கியவர்கள், நூலிலே பேசப்பட்ட மனிதர்களின் படங்களை வேறிடங்களிலிருந்து வெட்டி எடுத்துத் தமது பிரதியில் சேர்க்கத் தொடங்கினார்கள். அந்தப் பழக்கத்துக்கே அவருடைய பெயர் ஒட்டிக்கொண்டது. அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வெய்ன் நறுக்குகள் ஒட்டுவதில் பெரும் ஈடுபாடு கொண்டவர். பசைச் சட்டியோடு மல்லுக்கட்டி அலுத்துப்போய், பக்கங்களில் முன்கூட்டியே பசை பூசிய ஏடொன்றை வடிவமைத்து 1873இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். ஈரத் துணியால் தடவி நறுக்கை வைத்தால் போதும். 1980களில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலிருந்து இப்பொழுதுபோக்கு புதிதாகக் கிளம்பி, தனித் தாள்கள், தனிப் பேனாக்கள், தனிக் கடைகள் கொண்ட ஒரு தொழிலாகவே வளர்ந்தது.

இதைப் படித்துவிட்டு, நமக்கு இது இரவல் பழக்கம் என்று எவரும் எண்ணவேண்டியதில்லை. கிழக்கிலங்கையிலே பல குடும்பங்களில் வாகட ஏடுகள் இருந்தன. ஒரு பரம்பரை கற்ற மருந்துகளை அடுத்த பரம்பரை தன் கையெழுத்தில் சேர்த்துச் சேர்த்துக் கட்டிய ஓலைத் தொகுப்புகள் அவை. அச்சு வந்தபின் அதே மனம் பத்திரிகைப் பக்கம் திரும்பியது. 1950ஆம் ஆண்டில் 'கல்கி'யில் 'பொன்னியின் செல்வன்' தொடங்கி 1954வரை தொடர்ந்தபோது, மணியத்தின் ஓவியங்களோடு வாரந்தோறும் பக்கங்களைப் பிரித்தெடுத்து, கட்டி, மட்டை போட்டு வைத்த வீடுகள் தமிழகத்திலும் இலங்கையிலும் எத்தனையோ. புத்தகமாக வாங்கியவர்களைவிட அப்படிக் கட்டியவர்களிடம் அந்தக் கதை நெருக்கமாக இருந்தது என்பது என் எண்ணம்.

இலங்கையில் இதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்தது. 1970களின் முற்பகுதியில் தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. ஈழத்து எழுத்துக்கும் பதிப்புக்கும் அது ஊக்கம் தந்தது என்று இலக்கிய வரலாறு எழுதுவோர் கூறுவர். நிலாவெளிப் பெண்களுக்கு அதன் பொருள் வேறு. புதிய பின்னல் மாதிரி வராது, ஆகவே பழையதை எறியக்கூடாது. ஒரு பழைய சஞ்சிகை நாலு வீடு சுற்றி வரும். வந்த வீட்டில் மாதிரியைப் பார்த்து வரைந்துகொண்டு அடுத்த வீட்டுக்கு அனுப்புவார்கள். பெரியம்மாவின் ஏழாவது கொப்பியில் அச்சு நறுக்குகளுக்கு இணையாகக் கையால் வரைந்த மாதிரிகள் நிறைந்திருந்தது இதனாலேதான்.

ஆறு கொப்பிகளின் செய்தி

முதல் ஆறு கொப்பிகளுக்கும் வருகிறேன். அவற்றின் பக்கங்கள் எனக்கு இன்றும் மனப்பாடம். 1956இல் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் கோணேசர் மலையடிவாரக் கடலில் மூழ்கி, போர்த்துக்கேயர் இடித்த பழங்கோயிலின் சிதைவுகளைக் கண்ட செய்தி. 1957 ஒக்ரோபரில் பிரித்தானியர் திருகோணமலைக் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் கையளித்த செய்தி. 1963இல் புதிய கோணேசர் ஆலயத்தின் குடமுழுக்கு. 1964 டிசம்பர் 22ஆம் திகதி திருகோணமலைக் கரையைத் தாக்கிவிட்டு, அன்றிரவே அக்கரையில் தனுஷ்கோடியை அழித்த சூறாவளி. 'வீரகேசரி' 1930இலும் 'தினகரன்' 1932இலும் தொடங்கியவை. 'ஈழநாடு' 1959இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கியது. இவை மூன்றிலுமிருந்து வெட்டிய நறுக்குகள் அடுத்தடுத்து ஒட்டப்பட்டிருக்கும். ஒரே சூறாவளியை மூன்று பத்திரிகைகள் மூன்று விதமாகச் சொன்னதை நான் முதன்முதலில் கண்டது அந்தக் கொப்பியிலேதான். நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்ததற்கு ஒரு காரணத்தைச் சொல்லும்படி கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

ஏழாவது கொப்பியை நான் மதித்ததில்லை. அது 'பொம்பிளையளின் கொப்பி'. அப்படித்தான் நினைத்தேன், ஒருமுறை அப்படிச் சொல்லவும் செய்தேன். பெரியம்மா சிரித்தாரேயொழிய மறுத்துப் பேசவில்லை.

1981 மே 31 இரவும் அடுத்த நாளுமாக யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் அழிந்தன. 'ஈழநாடு' அலுவலகமும் அந்நாள்களில் எரிக்கப்பட்டது. அந்தச் செய்தியை வெட்டி ஒட்டும்போது பெரியம்மா வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார். ஒட்டி முடித்ததும் ஆறு கொப்பிகளையும் அலுமாரியிலிருந்து எடுத்து றங்குப்பெட்டிக்கு மாற்றினார். ஏன் என்று கேட்டேன். "தூக்கிக்கொண்டு ஓடுறதெண்டால் பெட்டிதான் சுகம்" என்றார்.

1990

தூக்கிக்கொண்டு ஓடவேண்டிய நாள் 1990 ஜூனில் வந்தது. மீண்டும் போர் மூண்டு, திருகோணமலை மாவட்டத்தின் கரையோர ஊர்களிலிருந்து மக்கள் இடம்பெயர்ந்தார்கள். எனக்கு இருபது வயது. பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருந்தேன். றங்குப்பெட்டியைத் தூக்கமுடியாது என்று தெரிந்துவிட்டது. ஆளுக்கொரு பை, அவ்வளவுதான். செய்திக் கொப்பிகளில் இரண்டையாவது எடுக்கும்படி நான் பெரியம்மாவிடம் சொன்னேன். அவர் தலையசைத்தார். வழியில் என் கால் நோவுக்குத் துணி தேடிப் பையைத் திறந்தபோதுதான் கண்டேன். உள்ளே இருந்தது ஏழாவது கொப்பி.

எனக்கு வந்த கோபத்தை இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அந்தச் சூழலிலும், "வரலாற்றை விட்டுவிட்டுக் கோலத்தைக் கொண்டுவந்திருக்கிறீர்களே" என்று கேட்டேன். பதிலில்லை. சில கிழமைகளில் பெரியம்மா உறவினருடன் படகேறித் தமிழகத்துக்குப் போய் மண்டபம் முகாமில் சேர்ந்தார். நான் கொழும்புக்குப் போனேன். எங்கள் வீடு, அலுமாரி, றங்குப்பெட்டி, ஆறு கொப்பிகள் எதுவும் மிஞ்சவில்லை.

அதன்பின் நான் பட்டம் பெற்றேன், பத்திரிகையில் சேர்ந்தேன். ஒரு கட்டுரைக்காகக் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் காப்பகத்துக்குச் சென்று 1964ஆம் ஆண்டுப் பத்திரிகைக் கட்டைக் கேட்டேன். மேசைமேல் கொண்டுவந்து வைத்தார்கள். புரட்டினேன். பெரியம்மா வெட்டிய அதே சூறாவளிச் செய்தி, வெட்டப்படாமல், முழுப் பக்கமாக, நாளும் திகதியும் சகிதம் அங்கே இருந்தது. குடமுழுக்கும் இருந்தது, கடற்படைத் தளமும் இருந்தது. ஆறு கொப்பிகளையும் ஒரு வாரத்துக்குள் நான் மீண்டும் தொகுத்துவிடலாம் என்பதை உணர்ந்தபோது மகிழ்ச்சிதான் வந்திருக்கவேண்டும். வந்தது குழப்பமே.

2002 பெப்ரவரி போர்நிறுத்த உடன்படிக்கையின் பின், 2003இல் பெரியம்மா நிலாவெளிக்குத் திரும்பினார். சுவடிக்கூடத்தில் கண்டதை அவரிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"தம்பி, அதுகள் பேப்பரிலை வந்தது. இன்னும் ஆரிட்டையெண்டாலும் கிடக்கும். இது என்னட்டை மட்டுந்தானே கிடக்கு."

பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் நான் கேட்ட கேள்விக்கு அன்றுதான் பதில் கிடைத்தது.

ஏழாவது கொப்பி

அன்று அந்தக் கொப்பியை முதல்முறையாக ஒழுங்காகப் பார்த்தேன்.

அதில் சார்வோலையில் இழைத்த பதினொரு துண்டுகள் நூலால் தைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றும் தீப்பெட்டி அளவு. ஒன்றுவிட்டு ஒன்று எடுக்கும் சாதாரண இழைப்பு, இரண்டுவிட்டு எடுப்பது, மூலைக்கு மூலை சரிவாக ஓடுவது, சாயம் போட்ட ஓலை கலந்து பூப்போல வருவது. ஒவ்வொன்றின் கீழும் அது எதற்கு ஆகும் என்ற குறிப்பு: நீற்றுப்பெட்டிக்கு, கடகத்தின் விளிம்புக்கு, பாய்க்கு. யாரிடம் கற்றது என்ற குறிப்பும் இருந்தது. 'சின்னாச்சி காட்டித் தந்தது' என்பதுபோல. அந்தப் பெண்களில் ஒருவரும் எந்தப் பத்திரிகையிலும் வந்தவர்களல்லர். 1978இல் பனை அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டு இக்கைத்தொழில் அரச கவனத்தைப் பெற்றது உண்மை. எனினும் ஓர் ஊரின் ஒரு தெருவில் எவர் எந்த இழைப்பில் வல்லவர் என்பது எந்த அறிக்கையிலும் ஏறுவதில்லை.

மண்டபத்தில் கழிந்த ஆண்டுகளும் கொப்பியில் இருந்தன. தமிழகத்துச் சஞ்சிகைகளில் வந்த ஒயர்க்கூடைப் பின்னல்கள், முகாமில் பெண் பிள்ளைகளுக்குத் தையல் கற்பித்தபோது வெட்டிய காகித அச்சுகள். நாடு மாறியதை அந்தக் கொப்பி ஒரு வரியிலும் சொல்லவில்லை. புள்ளிக்கோலங்கள் பெருகியிருந்தன, ஓலை மாதிரிகள் நின்றுபோயிருந்தன. அவ்வளவே.

சங்கு, சிப்பி அலங்காரங்களுக்கான பக்கத்தின் ஓரத்தில் பின்னாளில் எழுதிய குறிப்பு ஒன்றும் கண்டேன்: 'இனிப் புறாமலையிலை பொறுக்கக்கூடாது.' புறாமலைத் தீவு 2003இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள பவளப்பாறைகளிலிருந்து எதையும் எடுப்பது சட்டவிரோதம். அந்த அறிவிப்பை நானும் செய்தியாக எழுதியிருக்கிறேன். அதை ஒரு கைவேலைக்காரி தன் பழைய பக்கத்துக்குத் திருத்தமாக எழுதி வைத்திருந்தது எனக்குப் பிடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, பூரணை நாள். அன்று இந்துமாக்கடலில் எழுந்த ஆழிப்பேரலை இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. நிலாவெளிக் கரையும் தப்பவில்லை. பெரியம்மா காலையிலேயே ஊருக்குள்ளே ஓர் உறவினர் வீட்டுக்குப் போயிருந்ததால் உயிர் தப்பினார். அயலில் பலர் தப்பவில்லை. அவர்களைப் பற்றி அன்று நிறைய எழுதினேன். இங்கே எழுதவில்லை.

நான்கு நாள்களின் பின் செய்தி சேகரிக்கப் போனபோது பெரியம்மாவைத் தேடிச் சென்றேன். அரைச் சுவரளவில் நின்ற வீட்டின் பின்புறம், வேப்பமர நிழலில், சேலையை விரித்து அதன்மேல் காகிதங்களைப் பரப்பிக்கொண்டிருந்தார். கொப்பி இடிபாட்டுக்குள் கிடைத்திருக்கிறது. முழுவதும் கடல்நீர் ஊறி.

அவர் செய்ததை இங்கே விரிவாகச் சொல்கிறேன். யாருக்காவது பயன்படும். முதலில் கட்டு நூலை வெட்டித் தாள்களைப் பிரித்தார். பிறகு ஒவ்வொரு தாளையும் ஒரு தட்டத்தில் இருந்த நன்னீரில் மெல்ல அமிழ்த்தி எடுத்தார். உப்பளத்துக்கு அருகே வளர்ந்தவருக்கு உப்பின் குணம் தெரியும். உப்பு தங்கிய பொருள் ஒருபோதும் முழுதாகக் காயாது, மாரி வந்தால் ஈரத்தை இழுத்துக்கொண்டேயிருக்கும். கிணறுகள் எல்லாம் உவர்த்துப் போயிருந்தன. அந்த நீர் பவுசரில் குடிப்பதற்கு வந்தது. தமக்குக் கிடைத்த பங்கில் இரண்டு நாள் மிச்சம் பிடித்துத்தான் அந்தத் தட்டத்தை நிரப்பியதாகச் சொன்னார். வெயிலில் போடவில்லை. நிழலில், துணிக்கு மேல் துணி வைத்து, மணிக்கொருதரம் துணி மாற்றினார்.

1966 நவம்பரில் இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் ஆர்னோ நதி பெருக்கெடுத்து அந்நாட்டின் மத்திய தேசிய நூலகத்தைச் சேற்றில் ஆழ்த்தியபோது, உலகெங்குமிருந்து வந்த தொண்டர்கள் நூல்களைக் கழுவியும் உறிஞ்சுதாள் இடையிட்டும் காப்பாற்றினார்கள். நவீன நூற்பாதுகாப்புக் கலையில் அது ஒரு திருப்பம் என்பர். அதைப் பற்றி நான் படித்தது பிற்பாடு. படித்தபோது வேப்பமர நிழல்தான் கண்ணில் நின்றது.

இன்னொன்றும் நடந்தது. கோதுமைப் பசை நீரில் இளகும். ஆகவே நறுக்குகள் எல்லாம் தாளிலிருந்து தாமாகக் கழன்றுவிட்டன. ஒட்டுநாடா போட்டிருந்தால் அவை கிழிந்திருக்கும். பாதுகாப்பு வல்லுநர்கள் இன்றும் மாப்பசையை விரும்புவதற்குக் காரணம், ஒட்டியதைத் திரும்பவும் பிரிக்கமுடியும் என்பதே. நாற்பது ஆண்டுகளாகத் தாளோடு ஒட்டிக் கிடந்த நறுக்குகளின் பின்பக்கங்கள் அன்று முதன்முறையாக வெளிச்சத்துக்கு வந்தன.

நான் அவற்றைப் படிக்கத் தொடங்கினேன். மயில் வடிவத் தையல் மாதிரியின் பின்னால் கூப்பன் அரிசி பற்றிய அறிவித்தலின் பாதி. குழந்தைச் சட்டையின் பின்னால் யாரோ ஒருவரின் மரண அறிவித்தல், பெயர் வெட்டுப்பட்டு. ஒரு ரோசாப்பூவின் பின்னால் வேலைவாய்ப்பு விளம்பரம். திகதி குறிக்காத நறுக்குகளின் காலத்தைக் கண்டுபிடிக்க இவையே உதவின. பாண் வரிசையைப் பற்றிய வரி ஒன்று இருந்தால் அது 1970களின் முற்பகுதி. முன்பக்கம் ஒட்டியவரின் விருப்பத்தைச் சொல்லிற்று. பின்பக்கம், அவர் வெட்டிக்கொண்டிருந்தபோது நாட்டில் என்ன நடந்தது என்பதைச் சொல்லிற்று.

அவற்றுள் ஒன்றைத் திருப்பியபோது என் பெயர் இருந்தது.

2003இல் மீனவர் பிரச்சினை பற்றி நான் எழுதிய நீண்ட கட்டுரை. பெரியம்மாவுக்கு அந்தப் பத்திரிகையை நானே அனுப்பியிருந்தேன். மறுபக்கத்தில் மகளிர் பகுதி. மேசைவிரிப்பு ஒன்றின் பின்னல் மாதிரியை அவர் வட்டமாக வெட்டியிருந்தார். என் தலைப்பும் பெயரும் தப்பியிருந்தன. கட்டுரையின் நடுப்பகுதி வட்டத்துக்குள் கொஞ்சம். மீதி போயே போயிற்று.

"பெரியம்மா, இது நான் எழுதினது" என்றேன்.

அவர் கண்ணாடியைச் சரிசெய்து பார்த்தார். "ஓம் தம்பி, வாசிச்சனான். நல்லாத்தான் எழுதியிருந்தாய்" என்றார். பிறகு, "அந்த மாதிரி வேறையெங்கையும் கிடைக்கேல்லை" என்றார்.

தனியொருவரின் கத்தரிக்கோல்

சேகரிப்பவர்கள் எல்லோரும் ஒரே வகையினர் அல்லர். யாழ்ப்பாணத்துக் குரும்பசிட்டியைச் சேர்ந்த இரசிகமணி கனக செந்திநாதனை 'நடமாடும் நூல்நிலையம்' என்று அழைத்தார்கள். ஈழத்து இலக்கியத்தை அவர் தம் வீட்டு ஏடுகளிலும் நினைவிலும் காத்தார். அதே ஊரில் பிறந்து, கண்டியில் வாழ்ந்து, 2016இல் மறைந்த இரா. கனகரத்தினம், உலகத் தமிழர் ஆவணக் காப்பகம் என்ற பெயரில் பத்திரிகைகளையும் நறுக்குகளையும் வாழ்நாளெல்லாம் திரட்டி, மைக்ரோபிலிமில் பதிவு செய்தார். நிறுவனம் செய்யவேண்டிய பணியைத் தனியொருவராகச் சுமந்தவர் அவர். அவர்களின் குரும்பசிட்டியே 1990இல் மக்கள் இடம்பெயர்ந்து, பல்லாண்டுகள் உயர்பாதுகாப்பு வலயத்துள் கிடந்தது என்பதையும் நினைக்கவேண்டும். தமிழகத்தில் கோட்டையூர் ரோஜா முத்தையா, பெயர்ப்பலகை எழுதும் ஓவியராயிருந்து, நூல்களோடு நாடக நோட்டீசுகளையும் திருமண அழைப்பிதழ்களையும்கூடச் சேர்த்தார். அவர் 1992இல் மறைந்தபின் சிக்காகோப் பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கித் தமிழகத்திலேயே இருக்கச் செய்தது. 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது.

இவர்கள் ஆவணகாரர். பெரியம்மாவை அந்த வரிசையில் நிறுத்த நான் முயலவில்லை, அவரும் விரும்பமாட்டார். அவருக்கு அது பொழுதுபோக்கு. கையால் ஒன்றைச் செய்வதில் உள்ள மகிழ்ச்சிக்காகச் செய்தார். ஆனால், திருமண அழைப்பிதழை எறியாமல் வைத்த ரோஜா முத்தையாவுக்கும் சின்னாச்சியின் இழைப்பைத் தைத்து வைத்த பெரியம்மாவுக்கும் ஒரு பொது அறிவு உண்டு. அச்சுப் பிரதி ஆயிரம் உள்ள பொருள் எங்காவது ஒன்று மிஞ்சும். ஒன்றே உள்ளதைத்தான் முதலில் எடுக்கவேண்டும். பத்திரிகைக்காரனாகிய எனக்கு இது புரிய முப்பத்து நான்கு வயதாயிற்று.

பெரியம்மா 2013இல் காலமானார். கொப்பி இப்போது என்னிடம். அதைக் குறித்து எனக்கு ஒரு தடுமாற்றம் இருந்தது. பத்திரிகைத் தாள் மரக்கூழில் செய்யப்படுவது. அதிலுள்ள லிக்னின் வெளிச்சமும் காற்றும் பட்டுப் பழுப்பாகிறது, உள்ளேயிருக்கும் அமிலம் தாளை நொறுங்கச் செய்கிறது. பூச்சிக்கு எமனாக நாங்கள் சேர்த்த மயில்துத்தத்தின் செம்பும் அந்தச் சிதைவை விரைவுபடுத்துகிறது என்பதைப் பிற்காலத்தில் அறிந்தேன். பசை தொட்ட இடமெல்லாம் இப்போது காப்பி நிறம். நூற்பாதுகாப்பு அறிந்த நண்பர் ஒருவர், நறுக்குகளை மீண்டும் பிரித்து அமிலமற்ற தாளில் தனித்தனியே வைத்தால் இன்னும் பலகாலம் இருக்கும் என்றார். பிரித்தால் நறுக்குகள் பிழைக்கும். பக்கங்கள் போய்விடும். எந்த நறுக்குக்கு அருகே எந்த ஓலை, எந்த ஓரத்தில் எந்தக் குறிப்பு என்ற அவருடைய ஒழுங்கு போய்விடும்.

கடைசியில் பிரிக்கவில்லை. ஒவ்வொரு பக்கத்தையும் உள்ளபடியே ஒளிவருடி எடுத்தேன். 2004இல் கழன்றபோது நான் குறித்துவைத்த பின்பக்கங்களின் விவரத்தையும் சேர்த்தேன். தாள்களுக்கிடையே அமிலமற்ற மெல்லிய தாள் இட்டு, மட்டைப்பெட்டியில் படுக்கையாக வைத்திருக்கிறேன். 2005இல் தொடங்கிய நூலகம் மின்னூலகம் போன்ற முயற்சிகள் ஈழத்து அச்சு நூல்களுக்கும் இதழ்களுக்கும் புகலிடம் தந்திருக்கும் இக்காலத்தில், இத்தகைய கொப்பிகளுக்கும் ஓர் இடம் வேண்டும் என்பதால் படிமங்களை ஆவணமாகக் கொடுக்க ஆயத்தம் செய்துகொண்டிருக்கிறேன்.

ரொறன்ரோவிலோ லண்டனிலோ சென்னையிலோ சிட்னியிலோ இருந்து இதைப் படிக்கும் உங்களுள் பலருடைய வீட்டில் ஓர் அம்மாவின், மாமியின், ஆச்சியின் கொப்பி இருக்கக்கூடும். வீடு மாறும்போது முதலில் எறியப்படுவது அதுவே. எறியவேண்டாம். அவர் இருக்கிறார் என்றால் அருகே அமர்ந்து, எந்தப் பக்கம் எப்போது, யாரிடம் கற்றது என்று கேட்டுத் தனித்தாளில் பென்சிலால் எழுதி வையுங்கள். பேனா மை கசியும். ஒட்டுநாடா போடாதீர்கள். பொலித்தீன் உறையில் இறுக்கி மூடாதீர்கள். புதிதாக நறுக்கு ஒட்டுபவர்கள் பத்திரிகையின் பெயரையும் திகதியையும் ஓரத்தில் குறிக்க மறக்கவேண்டாம். பெரியம்மா செய்த ஒரே பிழை அதைப் பாதிப் பக்கங்களில் மறந்தது.

என் கட்டுரையின் முழுப்பிரதி சுவடிக்கூடத்தில் பத்திரமாக இருக்கிறது, சரிபார்த்துவிட்டேன். அந்த மேசைவிரிப்பைச் சென்ற ஆண்டு என் மகள் கொப்பியைப் பார்த்துப் பின்னி முடித்தாள். எங்கள் வீட்டு மேசைமேல் கிடக்கிறது.